கழிவு போக நாலு

இருபது நிமிடம் வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஜெபசீலி என்று வெள்ளைக் கோட்டில் பெயர் குத்தியிருக்கிறாள், இருபத்தைந்து வயதிருக்கும், நாகர்கோவில் பக்கத்துப் பெண். என் வலது முன்கையில் நாலு கறுப்பு ரப்பர் வில்லைகளை ஈரத் துணி வைத்து ஒட்டி, மேலே பட்டையைச் சுற்றி, கரண்ட் பெட்டியின் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிக்கொண்டே, "எறும்பு ஊருத மாதிரி இருக்கா தாத்தா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். அவளுக்கு அந்தப் பதில்தான் வேண்டும், கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துக் கொடுத்துவிடுகிறாள். எறும்பு இல்லை. எறும்பு என்றால் தட்டிவிடலாம். இது தோலுக்கு உள்பக்கம் நின்றுகொண்டு வெளியே வர வழி கேட்கிறது. ஆடக் கூடாது, ஆடினால் வில்லை கழன்றுவிடும், டாக்டர் இன்றைக்கு இந்த அறைக்கே வந்து பார்ப்பார், அவர் பார்த்த பிறகுதான் விடுவேன் என்று சொல்லிவிட்டுத் திரைக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். தாத்தா. எந்த வழியில் நான் இவளுக்குத் தாத்தா. முப்பத்தொரு வருஷம் சர்க்கரை ஆலையின் எடை மேடையில் உட்கார்ந்திருந்தேன், எல்லாரும் எடைக்காரர் என்றார்கள், முதுகுக்குப் பின்னால் வேறு மாதிரியும் சொன்னார்கள், யாரும் உறவு கொண்டாடியதில்லை. உறவு கொண்டாடிக்கொண்டு வருகிற டிரைவரின் லாரியில் கரும்புக்கு அடியில் ஈர மண் இருக்கும். அதை விடு. இருபது நிமிடம் இருக்கிறது. டாக்டர் வருவார், ஃபைலைப் பார்ப்பார், வலி பத்துக்கு எத்தனை என்று கேட்பார். ஒன்பது என்று சொல்ல வேண்டும். இன்றைக்கு எனக்கு இருக்கிற வேலை அவ்வளவுதான். ஒன்பது. வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது.

எட்டு மாதத்துக்கு முன்னால் பண்ருட்டி பஸ் நிலையத்துக்குள் வண்டி திரும்பும் இடத்தில் இறங்கினேன். ஒரு காலைத் தரையில் வைத்தாயிற்று, இன்னொரு காலை எடுப்பதற்குள் வண்டியை எடுத்துவிட்டான். கையை ஊன்றி விழுந்தேன், மணிக்கட்டு உள்ளே சுள்ளி ஒடிகிற மாதிரி ஒடிந்தது, சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, பெரியவரே பார்த்து இறங்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு விசில் கொடுத்தான். அந்த விசிலை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்து இன்னொரு படம் எடுத்து, விளக்குக்கு முன்னால் தூக்கிப் பிடித்து, "பிரமாதமா சேர்ந்துடுச்சு" என்றார் டாக்டர் கோகுல்நாத். படத்தைப் பார்த்துத்தான் சொன்னார். கை அவருக்குப் பக்கத்தில் மேஜைமேல் கிடந்தது, வெந்நீரில் முக்கி எடுத்த மாதிரி சிவந்து, பளபளத்து, வீங்கி. அதைப் பார்க்கவில்லை. அன்றைக்கு ஆரம்பித்தது. ஒடிந்தபோது இருந்த வலி ஒரு வலியே இல்லை, அது வந்தது, நின்றது, போயிற்று, ஒழுங்கான வலி. இதற்கு ஒழுங்கு கிடையாது. சட்டைக் கையின் ஓரம் பட்டால் எரிகிறது. மழைத் தூறல் ஒன்று விழுந்தால் அமிலம் விழுந்த மாதிரி இருக்கிறது. ஃபேன் காற்று பட்டால் எரிகிறது, காற்று, வெறும் காற்று, இதை யாரிடம் சொல்வது. சொன்னேன். நரம்பு கொஞ்சம் கோபமாக இருக்கிறது, பழகிவிடும் என்றார். யாருக்கு எது பழகும் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ரத்தத்தில் உப்பு ஏறியிருக்கிறது, அதனால் சாதாரண வலி மாத்திரை கொடுத்தால் கிட்னி போய்விடும். வேறு ஒரு மாத்திரை இருக்கிறது, கட்டுப்பாட்டில் இருப்பது, பழக்கமாகிவிடும், வலி எட்டுக்கு மேல் இருந்தால் யோசிப்போம் என்றார். எட்டுக்கு மேல் இல்லாதவர்களுக்குக் காய்ச்சல் மாத்திரையும் இந்தக் கரண்ட் பெட்டியும். ஆலையிலும் இப்படி ஒரு கோடு உண்டு, கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு மூன்று பேர் கையைக் கட்டிக்கொண்டு கெஞ்சுவார்கள், நான் தலையைத் தூக்காமல் சீட்டு எழுதுவேன். அதனால் கோட்டின்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோட்டை வைத்தவன்மேல்தான்.

நாலு என்று சொன்னவன் நான்தான். மூன்று தடவை கேட்டார், மூன்று தடவையும் நாலு. ஏன் நாலு என்று அவர் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், நான் வாயில் வந்ததைச் சொல்கிறவன் இல்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தினார்கள், அதற்கு மேல் நானே படித்தது, மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கிற பொடி எழுத்துக் காகிதத்தைக்கூட அகராதியை வைத்துக்கொண்டு முழுக்கப் படிக்கிறவன். பத்துக்கு எத்தனை என்றால் ஒரு முறை வேண்டாமா. எடை மேடையில் லாரி ஏறியதும் காட்டுகிற எண் எடை அல்ல. அது மொத்தம். அதில் லாரி இருக்கிறது, டீசல் இருக்கிறது, இறங்காமல் உட்கார்ந்திருக்கிற கிளீனர் இருக்கிறான், கரும்போடு வந்த காய்ந்த இலைச் சோகையும் மண்ணும் தண்ணீரும் இருக்கின்றன. எல்லாவற்றையும் கழித்த பிறகு நிற்பதுதான் கரும்பு. அதே மாதிரி உட்கார்ந்து யோசித்தேன். முள் ஒன்பதில் நிற்கிறது, சரி. வயதுக்கு இரண்டு கழி, எழுபத்தொரு வயதுக் கை விழாவிட்டாலும் வலிக்கும். முப்பத்தொரு வருஷம் எழுதிய கை, தேய்மானம், அதற்கு ஒன்று. காலையில் கூடுதல், சாயங்காலம் குறைவு, சராசரிக்கு ஒன்று. தனியாக இருக்கிறவனுக்கு எல்லாம் பெரிதாகத்தான் தெரியும், அதற்கு ஒன்று. கழிவு போக நாலு. விழுந்ததனால் வந்த வலி நாலு. அதற்குத்தானே டாக்டர் பொறுப்பு, மற்றதற்கு அவர் என்ன செய்வார். இவ்வளவு நியாயமாக யாராவது இந்த ஆஸ்பத்திரியில் பதில் சொல்லியிருப்பார்களா. அவர் நாலு என்று எழுதி, அடியில் ஒரு கோடு இழுத்து, "நல்ல இம்ப்ரூவ்மெண்ட்" என்றார்.

திரைக்கு அந்தப் பக்கத்துப் படுக்கையில் வேதாசலம் முனகுகிறார். ரிட்டயரான தலைமை ஆசிரியர், முழங்கால் மாற்றியிருக்கிறார்கள், வாரத்தில் மூன்று நாள் எனக்கு முன்னாலேயே வந்து நல்ல படுக்கையைப் பிடித்துக்கொள்வார். ஜெபசீலி பக்கத்தில் இருந்தால் முனகல் கூடும், அவள் போனால் என்னோடு பேச்சுக் கொடுப்பார். போன வாரம் என் எண்ணைக் கேட்டார். நாலு என்றேன். சிரித்ததில் அவர் படுக்கையே ஆடியது. "சார், நாப்பது மார்க் எடுத்துட்டுப் பரிசு கேட்டா எவன் தருவான்? தொண்ணூறு எடுங்க" என்றார். அவர் எப்போதும் ஒன்பது. பத்து சொல்லக் கூடாதாம், பத்தென்றால் இப்படி உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாயா என்று கேட்பார்களாம். ஒன்பதில் ஒரு மரியாதை இருக்கிறதாம், வலியும் தெரியும், ஆள் தாங்கிக்கொண்டிருக்கிறார் என்பதும் தெரியும். அந்த மாத்திரை அவருக்குக் கிடைக்கிறது. போட்டுக்கொண்டு மத்தியானம் சீட்டாடப் போகிறார், அதையும் அவரே சொன்னார். வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்கு மார்க்கைக் குறைத்துப் போட்ட மனுஷன் தனக்கு மட்டும் அள்ளிப் போட்டுக்கொள்கிறார். அவர் குரலைக் கேட்டாலே எனக்குக் கை எரிகிறது. இல்லை, கை ஏற்கெனவே எரிகிறது, அவர் குரல் அதன்மேல் வந்து உட்காருகிறது. இப்போது புழுக்கமாக இருக்கிறது என்கிறார். ஃபேனைப் போடும்மா என்கிறார். போடாதே. ஜெபசீலி, போடாதே. நான் வாயைத் திறந்து சொல்லவில்லை, மனதுக்குள்தான் சொல்கிறேன், மனதுக்குள் சொன்னால் யாருக்குக் கேட்கும். சுவிட்ச் சத்தம்.

வருகிறது. முதலில் ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றி யோசிக்கும், பிறகு வேகம் பிடிக்கும், திரை லேசாக உப்பும், அதற்கப்புறம் வந்து சேரும். வந்துவிட்டது. புறங்கையில் வந்து விழுகிறது, விரல் இடுக்கெல்லாம் போகிறது, கொதிக்கிற எண்ணெயை ஊதி ஊதிப் பரப்புகிற மாதிரி. கையை நகர்த்த முடியாது, வில்லை கழன்றுவிடும், துண்டை எடுத்து மூடலாம், துண்டு பட்டால் இதைவிட மோசம். இடது கையைக் குடை மாதிரி மேலே பிடிக்கிறேன், தோள் இழுக்கிறது, எவ்வளவு நேரம் பிடிப்பது. கூப்பிடலாம். அம்மா, ஃபேனை நிறுத்து என்று சொல்ல ஐந்து விநாடி. சொன்னால் வேதாசலம் கேட்பார், ஃபேன் காற்றா வலிக்கிறது, நாலு மார்க்குக்காரருக்கா என்பார். அதற்குப் பயந்துகொண்டு கிடக்கிறேன். என் பிள்ளை மணிமாறன் வெளியே பெஞ்சில் போனைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவனுக்கு இதில் பெருமை. அப்பாவுக்குத் தாங்குகிற சக்தி அதிகம் டாக்டர், அம்மா கடைசியில் படுத்திருந்தபோது ஐந்து மாதம் தனி ஆளாகப் பார்த்துக்கொண்டவர், ஒரு நாள் முகம் சுளித்ததில்லை என்று முதல் நாளே டாக்டரிடம் சொன்னான். டாக்டர் என்னை மரியாதையாகப் பார்த்தார். அந்த மரியாதைக்குப் பிறகு நான் எப்படி எட்டு சொல்வது. பிள்ளை கொடுத்த சான்றிதழ் என் கழுத்தில் தொங்குகிறது. அவனுக்கு என்ன தெரியும். சொந்தக்காரர்களுக்கும் தெரியாது. என் பெயரைச் சொல்லி, தெய்வசிகாமணி மாதிரிப் பார்த்துக்க ஒரு ஆள் கிடைத்தால் சாகலாம் என்று காரியத்துக்கு வந்த பெண்கள் பேசிக்கொண்டார்கள், என் காதில் விழ வேண்டும் என்றே பேசினார்கள். தனபாக்கியத்துக்குச் சாப்பாடு ஊட்டினேன், சேலை மாற்றினேன், முதுகில் புண் வராமல் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைத்தேன். எல்லாம் உண்மை. காற்று அடிக்கிறது. இது ஒன்பது. கழிக்காமல் சொன்னால் ஒன்பது. ஒன்பது என்று தாராளமாகச் சொல்லலாம், பொய் இல்லை, வேதாசலம் சொல்வது பொய், நான் சொல்வது மொத்த எடை. சொல்வதற்கு என்ன. என்னுடையது ஒன்பது என்றால். இங்கே வந்து நிற்கிறது. ஒவ்வொரு தடவையும் சுற்றிச் சுற்றி இங்கே வந்துதான் நிற்கிறது. என்னுடைய ஒரு மணிக்கட்டு ஒன்பது என்றால் தனபாக்கியத்தினுடையது எத்தனை.

அவள் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. கருப்பையில் ஆரம்பித்த புற்று முதுகெலும்புக்கு வந்துவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமைதோறும் வீட்டுக்கு ஒரு நர்ஸ் வரும், நடுவயது, குடையும் பையுமாக, நல்ல பெண், அதன்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது, இருந்தால் வசதியாக இருந்திருக்கும். பையிலிருந்து ஒரு அட்டையை எடுக்கும். அதில் வரிசையாக முகங்கள் போட்டிருக்கும், சிரிக்கிற முகத்தில் ஆரம்பித்து அழுகிற முகம் வரைக்கும், கீழே பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண்கள். உங்கள் வலி எந்த முகம் என்று தொட்டுக் காட்டுங்கள் அம்மா என்றது. தனபாக்கியம் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. அட்டையைக் கையில் வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "இதுல ஒண்ணும் என் மூஞ்சி இல்லம்மா. மூக்கும் இல்ல, மூக்குத்தியும் இல்ல" என்றாள். நர்ஸ் சிரித்தது, நான் சிரித்தேன், அவளும் சிரித்துவிட்டுச் சிரித்ததனால் வந்த வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு அட்டையை என் பக்கம் நீட்டி, "அவரைக் கேளு. எடை போடறது அவரு வேலை" என்றாள். வேடிக்கைக்குத்தான் சொன்னாள். இல்லை, வேடிக்கைக்கு இல்லை. முப்பத்தெட்டு வருஷமாக என்னுடைய எடையை நம்பினவள், இந்த மாவட்டத்தில் நம்பின ஒரே ஆள் அவளாகத்தான் இருக்கும். விவசாயிகள் நம்பவில்லை. சேமக்கோட்டையிலிருந்து வருகிற ஒருவன் இரண்டு சதவீதம் சோகைக்குக் கழித்ததற்காக என் ஜன்னலுக்கு முன்னால் நின்று, இந்த எழுதுகிற கை விளங்காமல் போகும் என்று சொன்னான். அவன் சொன்னது இதில் ஒன்றும் கிடையாது, அவன் சாபத்துக்கும் பஸ்காரன் எடுத்த வேகத்துக்கும் சம்பந்தம் இல்லை, அப்படிப் பார்த்தால் தினமும் நாலு பேர் சபித்தார்கள், நான் பிறந்திருக்கவே கூடாது. நர்ஸ் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. நான் ஆறு என்றேன்.

யோசிக்காமல் சொல்லவில்லை. அதுதான். யோசித்தேன், நன்றாக யோசித்தேன், அரை நிமிடம் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். முள் பத்தில் நின்றது. அது எனக்குத் தெரியும். பகல் முழுக்க அவள் தலையணை உறையைப் பல்லில் வைத்துக் கிழித்திருந்தாள், அந்த உறையை மாற்றினவன் நான். பத்து. அதில் அவளுக்கு முன்னாலிருந்தே மூட்டுவலி இருந்தது, அதற்கு இரண்டு. எதையும் கொஞ்சம் பெரிதாகச் சொல்கிற பழக்கம், கொசு கடித்தாலும் தெருவுக்குக் கேட்கும், அதற்கு ஒன்று. இரண்டும் ஒன்றும் மூன்று. பத்தில் மூன்று போனால் ஏழு. நான் ஆறு என்று சொன்னேன். ஒன்று இடிக்கிறது. ஒன்பது வருஷமாக இந்த ஒன்றை நான் எங்கே வைத்தேன் என்று தேடுகிற மாதிரி நடித்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு வெயில் இருந்தது, வெயிலுக்கு ஒன்று என்று சில நாள் சொல்லிக்கொள்வேன். நர்ஸ் வந்த சந்தோஷத்தில் கொஞ்சம் குறைந்திருக்கும், அதற்கு ஒன்று என்று சில நாள். இந்த மாதிரி டிரைவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், எண் இடித்தால் உடனே ஒரு காரணம் தயாராக இருக்கும், காரணம் தயாராக இருந்தாலே திருட்டு என்று எனக்குத் தெரியும். ஏழு என்றால் மருந்தைக் கூட்டுவார்கள். அதற்கு முந்தின வாரம் நர்ஸ் சொல்லியிருந்தது, ஏழு வந்துவிட்டால் டாக்டரிடம் சொல்லி அளவைக் கூட்டலாம் சார், வலி அடங்கிவிடும், ஆனால் அம்மா முக்கால்வாசி நேரம் தூங்கிக்கொண்டே இருப்பார்கள், பேச்சு இருக்காது என்று. பேச்சு இருக்காது. அவள் தூங்கிவிட்டால் அந்த வீட்டில் என்னோடு யார் பேசுவது. மணிமாறன் வேலைக்குப் போய்விடுவான். எனக்கு நண்பர்கள் கிடையாது, எடைக்காரனுக்கு எப்படி நண்பன் இருப்பான். சாயங்காலம் அவள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அன்றைக்குப் பேப்பரில் படித்ததைச் சொல்வேன், அவள் பல்லைக் கடித்துக்கொண்டே கேட்டு, "அப்புறம்?" என்பாள். அந்த அப்புறம் எனக்கு வேண்டியிருந்தது. அதற்காக ஒன்று கழித்தேன். அவளுடைய வலியில் என்னுடைய பங்கு அது.

அவள் போகிற வரைக்கும் ஐந்து செவ்வாய்க்கிழமை. ஆறு, ஆறு, ஐந்து, ஆறு, ஆறு. நடுவில் ஒரு ஐந்து வேறு, அதற்குக் காரணம்கூட ஞாபகம் இல்லை, எப்போதும் ஒரே எண் சொன்னால் நம்பமாட்டார்கள் என்று ஒரு தொழில் புத்தி. நர்ஸ் எழுதிக்கொண்டது. முதல் தடவை ஆறு என்று நான் சொன்னபோது தனபாக்கியம் என்னைப் பார்த்தாள். டிரைவர்கள் சீட்டை வாங்கி எண்ணைப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியாக ஒரு தடவை என் முகத்தைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. சண்டை போடுகிறவன் பார்வை இல்லை, சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்தவன் பார்வை. நர்ஸ் போன பிறகு கேட்டாள். "ஏங்க, ஆறுன்னா நிறையவா?" என்று கேட்டாள். நிறையத்தான் என்றேன். "அப்ப சரி" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்றைக்கு அப்புறம் என்று சொல்லவில்லை. எதற்கு இதையெல்லாம். கரண்ட் ஓடுகிறது, காற்று அடிக்கிறது, இடது கைக்குடை மரத்துப்போய்விட்டது. இதுதான் கணக்கு என்றால், எனக்கு நாலுக்கு மேல் சொல்ல உரிமை இல்லை. ஒடிந்த மணிக்கட்டுக்கு ஒன்பது சொன்ன வாய் முதுகெலும்புக்கு ஆறு சொன்ன வாய் என்று ஆகிவிடும். என் எண் குறைவாக இருக்கிற வரைக்கும் நான் எல்லாருக்கும் கழிக்கிறவன், நேர்மையானவன், எனக்கும் கழித்துக்கொண்டவன். ஒன்பது என்று சொன்ன உடனே அவளுக்கு மட்டும் கழித்தவன். அதனால்தான் வரமாட்டேன் என்கிறது. வீண் ரோஷம் இல்லை, பொறுமை இல்லை, மணிமாறன் நினைக்கிற மண்ணும் இல்லை. ஆனால் வலிக்கிறது. இதையெல்லாம் தெரிந்துகொண்டதால் ஒரு இம்மி குறைந்ததா. குறையவில்லை. இனி இன்னொரு மாதம், இன்னொரு மழைக்காலம், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, சோற்றை இடது கையால் தின்றுகொண்டு. முடியாது. எனக்கு அந்த மாத்திரை வேண்டும். வெட்கம் கெட்டுப்போய் வேண்டும். அவளுக்குத் தராமல் செய்தது எனக்கு வேண்டும்.

மணி அடிக்கிறது. ஜெபசீலி வந்து குமிழைத் திருப்பி, திரையை இழுத்துவிடுகிறாள், பின்னாலேயே டாக்டர் கோகுல்நாத், ஃபைலைத் திறந்துகொண்டே வருகிறார், என் பிள்ளையைவிடப் பத்து வயது சின்னவர், தலையைத் தூக்கவில்லை. பக்கத்துப் படுக்கையில் முனகல் ஆரம்பிக்கிறது, அடுத்தது தன் முறை என்று தெரிந்த முனகல்.

"சொல்லுங்கய்யா. பத்துக்கு எத்தனை?"

"ஒன்பது" என்றேன்.

தலையைத் தூக்கினார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவர் கண் என்ன நிறம் என்று பார்த்தேன். போன தடவை நாலு, அதற்கு முன்னால் நாலு, அதற்கும் முன்னால் நாலு என்று தாளைத் திருப்பித் திருப்பிப் படித்தார். "மாத்திரைக்காகச் சொல்றீங்களா?" என்று கேட்டார். ஜெபசீலி வில்லைகளைப் பிரிப்பதை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தாள். வேதாசலத்தின் முனகல் நின்றுபோயிற்று.

"ஆமா சார். மாத்திரைக்காகத்தான் சொல்றேன். நாலுன்னு சொன்னதெல்லாம் கழிச்சுச் சொன்னது."

எதைக் கழித்தீர்கள் என்றார். சொன்னேன். வயதுக்கு இரண்டு, தேய்மானத்துக்கு ஒன்று, சராசரிக்கு ஒன்று, தனியாக இருப்பதற்கு ஒன்று. சொல்லும்போதே பைத்தியக்காரன் பேச்சு மாதிரி இருந்தது. அவர் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. ஃபைலை மூடிவிட்டுப் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தார், கையைப் பார்த்தார், தொடாமல் குனிந்து பார்த்தார். மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துவிட்டு ஜெபசீலியைப் பார்க்க, அவள் ஓடிப்போய் நிறுத்தினாள்.

"யாருங்க உங்களைக் கழிக்கச் சொன்னது? வர்றவங்க எல்லாரும் கூட்டித்தான் சொல்லுவாங்கன்னு நாங்களே ரெண்டு மூணு கழிச்சுத்தான் எடுத்துக்குவோம். நீங்களும் கழிச்சு நாங்களும் கழிச்சா என்ன மிஞ்சும்? உங்க நாலை நான் ஒண்ணு, ரெண்டுன்னுதான் நினைச்சிட்டிருந்தேன்" என்றார். இதற்குப் பெயர் இருக்கிறது, இந்த வலிக்கு, எலும்பு ஒடிந்த சிலருக்கு வரும், இனி கழிக்காமல் சொல்லுங்கள், நானும் கழிக்கமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். மாத்திரை பெயரை எழுதினார், காலை ஒன்று, மாலை ஒன்று, பதினைந்து நாள். கையெழுத்துப் போட்டார். குரலில் கொஞ்சம்கூடக் கடுமை இல்லை. இவ்வளவு நாள் நான் அவரை வெறுத்துக்கொண்டிருந்ததற்கு ஒரு ஆதாரமும் இல்லாமல் ஆக்கிவிட்டார், அதற்கும் அவர்மேல் ஆத்திரமாக வந்தது. சீட்டை நீட்டினார். வாங்காமல் கேட்டேன்.

"ஆறுன்னு ஒருத்தர் சொன்னா சார்?"

"ஆறா? மூணு, நாலுன்னு எடுத்துக்குவோம். அதுக்கு இவ்வளவெல்லாம் தேவைப்படாது. தாங்கிக்கலாம்."

சீட்டு எனக்கும் அவருக்கும் நடுவில் நின்றது. வெளியே மணிமாறன் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது, அவனுக்குக் கேட்டாலும் கேட்கட்டும் என்று இருந்தது.

"அது ஆறு இல்ல சார். பத்து."

டாக்டர் ஃபைலைத் திரும்பத் திறந்து ஒரு முறை பார்த்தார். "ஒன்பதுன்னு எழுதிட்டேங்கய்யா. மாத்திரைக்கு ஒன்பதே போதும்" என்று சொல்லி, சீட்டை என் இடது கையில் வைத்துவிட்டு, வேதாசலத்தின் பக்கம் திரும்பினார்.